மாண்டவி நதிக்கரையில் வாய்ச்சொல்

மும்பையில் வாழும் நம்மவர்களுக்குக் கோவா ஓர் இரவுப் பிரயாணத் தூரந்தான். சத்திரபதி சிவாஜி நிலையத்தில் இரவில் கொங்கண் கன்யா விரைவு வண்டியில் ஏறிப் படுத்தால், காலையில் கண் விழிக்கும்போது இருபுறமும் தென்னந்தோப்புகளும் வயல்களும் சிவப்பு ஓட்டு வீடுகளும் தெரியும். நம் திருநெல்வேலிச் சீமைக்கே வந்துவிட்டோமோ என்ற மயக்கம் சிறிது நேரம் இருக்கும். 1998-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் கொங்கண் ரயில் பாதை முழுவதும் திறக்கப்படுவதற்கு முன்னர், இதே பிரயாணம் மலைச் சாலை வழியே பேருந்திலோ, சுற்று வழியில் ரயிலிலோதான் நடந்தது. இன்று நம் சங்கத்துக் குடும்பங்கள் பல ஆண்டுக்கொருமுறை அங்கே சென்று திரும்புகின்றன. சென்ற குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்பிலிருந்து மூன்று குடும்பங்களாகப் பதினொரு பேர் சென்று வந்தோம்.

கர்மளி நிலையத்தில் இறங்கியவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பழைய கோவா. அங்குள்ள பாம் ஜீசஸ் பேராலயத்தில் புனித சவேரியாரின் திருவுடல் வெள்ளிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. எங்களுடன் வந்த பெரியம்மா தூத்துக்குடிக்காரர். சவேரியார் 1542-இல் கோவாவில் வந்து இறங்கி, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்குச் சென்றவர். அங்குள்ள மக்களுக்குத் தமிழிலேயே ஜெபங்களை மனப்பாடம் செய்வித்தவர். அச்சுப் புத்தகம் கையில் இல்லாத காலம் அது, வாய்ச்சொல்லே வேதம். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோதுதான் தமிழ் எழுத்து அச்சேறியது. அதற்கு முந்தின ஆண்டு, 1577-இல், தமிழ் எழுத்துகள் கோவாவில் வார்க்கப்பட்டிருந்தன. நம் மொழியின் அச்சு வரலாற்றில் இவ்வூருக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொன்னபோது, பெரியம்மா வேறு மதத்தினராயினும் பேழையை நோக்கிக் கைகூப்பிவிட்டு நகர்ந்தார்.

அங்கிருந்து பணஜி சேர்ந்தோம். மாண்டவி நதி கடலோடு கலக்குமிடத்தருகே அமைந்த சிறிய தலைநகரம். நதிக்கரைச் சாலையில் பீஜப்பூர் அடில் ஷாவின் பழைய அரண்மனை நிற்கிறது. அதன் அருகில் விசித்திரமான ஒரு சிலை. நீண்ட அங்கியணிந்த பாதிரியார் ஒருவர் கைகளை நீட்டி நிற்க, எதிரே ஒரு பெண் மயங்கிச் சாய்கிறாள். அவர் பெயர் அபே ஃபாரியா. 1756-இல் கோவாவில் பிறந்து பாரிஸ் நகரில் புகழ்பெற்ற மனோவசிய நிபுணர். காந்தமும் கண்ணுக்குத் தெரியாத திரவமுமே மனிதரை மயக்குகின்றன என்று பிறர் நம்பிய காலத்தில், மயக்குவது சொல்லும் அதனை ஏற்கும் மனமுமே என்று கூறியவர் அவர். “உறங்கு” என்ற ஒரு கட்டளையால் உறங்கவைத்தார் என்பர்.

இதே நகரம் வேறொரு வகையிலும் சொல்லின் வலிமையை அறிந்தது. 1961 டிசம்பர் 19-இல் போர்த்துக்கீசியர் ஆட்சி முடிந்த பின்னர், கோவா மகாராஷ்டிரத்துடன் சேரவேண்டுமா, தனித்தே இருக்கவேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1967 ஜனவரி 16-இல் மக்களிடமே வாக்கெடுத்துக் கேட்டார்கள். தனித்தே இருப்போம் என்று மக்கள் சொன்னார்கள், சொன்னபடியே ஆயிற்று. தமிழில் வாக்கு என்பது வாய்ச்சொல்லுக்கும் பெயர், தேர்தலில் போடும் சீட்டுக்கும் பெயர் என்பதை அன்று நினைத்துக்கொண்டேன்.

மாலை மயங்கியதும் மாண்டவியின் முகமே மாறிவிடுகிறது. நதியின் நடுவே நங்கூரமிட்ட பெரிய கப்பல்களில் பச்சையும் ஊதாவும் சிவப்புமாக விளக்குகள் எரிகின்றன. அவை எங்கும் செல்லும் கப்பல்கள் அல்ல; சூதாட்ட மண்டபங்கள். நம் நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் தடுக்கப்பட்ட இத்தொழில் கோவாவில் சட்டப்படி நடக்கிறது. 1976-இல் இயற்றிய சூதாட்டச் சட்டத்தை 1992-இல் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளில் காசு இயந்திரங்களை அனுமதித்தார்கள். 1996-இல் மீண்டும் திருத்திக் கப்பல்களில் மேஜை ஆட்டங்களையும் அனுமதித்தார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவர் ஏற முடியாது. 2020 பிப்ரவரி முதல் கோவா வாசிகளே சூதாட உட்புகக்கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள். கப்பல்களை நதியிலிருந்து அகற்றவேண்டும் என்ற குரலும் அவ்வூரில் பல்லாண்டுகளாக ஒலித்து வருகிறது.

பெரியம்மாவின் மகன் இருபத்தெட்டு வயது இளைஞர். கணிப்பொறி நிறுவனமொன்றில் நல்ல வேலை. போக்கர் என்னும் சீட்டாட்டத்தைத் தொலைபேசியிலேயே கற்றுக்கொண்டவர். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியபின், அவர் தொலைபேசியில் அந்த ஆட்டம் நின்றுபோயிற்று. ஒரே ஒரு முறையாவது உண்மையான மேஜையில் அமர்ந்து ஒரு போட்டியில் ஆடவேண்டும் என்ற ஆசை அவருக்கு. நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் செலவழிப்பதில்லை என்று தாயிடம் சொல்லிவிட்டுப் படகேறிச் சென்றார். நாங்கள் மற்றவர்கள் பேட்டிம் துறைக்குப் போகும் ஓடத்தில் ஏறி அக்கரைக்கும் இக்கரைக்குமாகச் சென்று வந்தோம். நடந்து ஏறுவோருக்கு அந்த ஓடத்தில் கட்டணம் கிடையாது. குழந்தைகளுக்கு அதைவிட வேறு கேளிக்கை வேண்டியிருக்கவில்லை. பெரியம்மாமட்டும் கப்பல் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவுக்குள் தம்பி திரும்பிவிட்டார். “தோற்றுவிட்டேன், ஒரு சொல்லால் தோற்றேன்” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் என்ன என்பது மறுநாள் மாண்டவி விரைவு வண்டியில் தெரியவந்தது. மட்காவில் காலையில் புறப்படும் அவ்வண்டி பகல் முழுதும் கொங்கணத்தின் அழகைக் காட்டிக்கொண்டே மும்பைக்கு வரும். ஜன்னலோர மேஜையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைக் கொட்டி, அவற்றையே பணய வில்லைகளாகக் கொண்டு தம்பி எங்களுக்கு ஆட்டத்தை விளக்கினார். பெரியம்மாவும் என் மனைவியும் இன்னும் இருவரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம்.

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள். மேஜை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மூன்று கட்டமாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் முறைப்படி ஒவ்வொருவரும் பணயம் வைக்கலாம், பிறர் வைத்ததற்கு ஈடு கொடுக்கலாம், அதற்கு மேல் ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகலாம். போட்டியில் எல்லாரும் ஒரே கட்டணம் கட்டி ஒரே அளவு வில்லைகள் பெறுகிறார்கள். அவற்றுக்கு வெளியே காசு மதிப்பு இல்லை. தீர்ந்தால் எழுந்துவிட வேண்டியதுதான். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் 1970-இல் தொடங்கிய உலகப் போட்டியினால் இம்முறை பரவியது. ஊருக்கொரு விதி இருந்து வந்த குழப்பத்தைத் தீர்க்க, 2001-இல் போட்டி நடத்துநர்கள் ஒரு சங்கம் அமைத்துப் பொது விதிகளை வகுத்தார்கள். பல நாடுகளில் அவற்றையோ அவற்றைத் தழுவியனவற்றையோ கொண்டு போட்டிகள் நடக்கின்றன.

“தொலைபேசியில் ஆடும்போது பொத்தானை அழுத்தினால் போதும், அண்ணாச்சி. நம் முறை வராமல் பொத்தானே தோன்றாது. எத்தனை என்று எண்ணும் அதிலேயே இருக்கும். மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே வாயால் ஆடவேண்டும் என்று” என்றார் தம்பி.

அவர் சொன்னவற்றுள் முதலாவது: தன் முறை வந்தபோது ஒருவர் தெளிவாகச் சொன்ன சொல் அவரைக் கட்டும். “கால்” என்றால் ஈடு கொடுத்தாயிற்று. “ரெய்ஸ்” என்றால் ஏற்றியே ஆகவேண்டும். “ஃபோல்டு” என்றால் விலகியாயிற்று. வில்லை இன்னும் கைக்குள் இருக்கிறதே என்று பின்வாங்க முடியாது. வாயும் கையும் இரண்டும் பேசினால், எது முதலில் பேசியதோ அதுவே கணக்கு. இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால், தெளிவும் நியாயமுமான சொல்லுக்கே முதலிடம். சொல்லும் வில்லையும் முரண்பட்டால் நடத்துநர் வந்து தீர்ப்பார்.

இரண்டாவது: சொல்லாமல் செய்த காரியத்துக்குக் குறைந்த பொருளே கொள்ளப்படும். தம்பி ஒரு பெரிய கடலையைத் தள்ளிக் காட்டினார். எதிரி 400 வைத்திருக்கிறார். நாம் வாய் திறவாமல் 1,000 மதிப்புள்ள ஒற்றை வில்லையைப் போடுகிறோம். ஏற்றுவதாக நாம் மனத்தில் நினைத்திருக்கலாம். ஆனால் அது 400-க்கு ஈடு கொடுத்ததாகவே ஆகும். மிச்சம் 600 திரும்பி வரும். வில்லை விழுவதற்கு முன் “ரெய்ஸ்” என்று சொல்லியிருந்தால்தான் ஏற்றியதாகும். அதுபோலவே, சினிமாவில் வருவது போல, “உன் ஐந்நூறு இதோ... அதற்கு மேல் இன்னோர் ஐந்நூறு!” என்று இழுத்துப் பேசுவதும் செல்லாது. முதலில் “இதோ” என்றபோதே ஈடு கொடுத்தாயிற்று. எதிரியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபாதியைச் சொல்ல அனுமதித்தால் அது ஆட்டமாகாது.

மூன்றாவது விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. முறை தவறிச் சொன்ன சொல்லுக்கு என்ன கதி? முன்னால் இருப்பவர் இன்னும் ஆடவில்லை; அதற்குள் பின்னால் இருப்பவர் “ரெய்ஸ்” என்று கூவிவிட்டார். ஆட்டத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய் முன்னவருக்கே முறையைக் கொடுப்பார்கள். அவர் விலகினாலோ, ஈடு மட்டும் கொடுத்தாலோ, ஒன்றும் செய்யாது விட்டாலோ, பின்னவர் எதிர்கொண்ட நிலை மாறவில்லை. ஆகவே அவருடைய சொல் அவரைக் கட்டும். முன்னவர் பணயம் வைத்தோ ஏற்றியோ நிலைமையை மாற்றிவிட்டால் பின்னவரின் சொல் கரைந்துபோகும். அவர் புதிதாக யோசித்து எதுவும் செய்யலாம். இரு வகையிலும், முறை தவறியதற்குத் தண்டனை விதிக்க நடத்துநருக்கு உரிமை உண்டு.

இதைக் கேட்டதும் என் மனைவி, “பாஞ்சாலி சபையில் கேட்டதும் இதுதானே?” என்றாள். எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமானோம். தருமன் தன்னை முதலில் பணயமாக வைத்துத் தோற்றான்; பின்னர் அவளை வைத்தான். தன்னையே இழந்தவன் பிறரைப் பணயமாகச் சொல்ல உரிமை பெற்றவனா, அந்தச் சொல் செல்லுமா என்றுதான் அவள் கேட்டாள். விகர்ணன் அவள் பக்கம் எழுந்து பேசினான். பீஷ்மரோ தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவினார். சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறளில் அதன் கேட்டை உரைத்த வள்ளுவர் வழி வந்தவர்கள் நாம். ஆயினும் சூதாடுபவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட இந்த விதியில், அச்சபை மறந்துவிட்ட ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

வண்டி ரத்தினகிரியை நெருங்கிக்கொண்டிருந்தது. பன்வல் ஆற்றுப் பாலத்தின்மேல் செல்லும்போது கீழே பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. 60 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். குழந்தைகள் கூச்சலிட்டு அடங்கிய பிறகு, தம்பி தம் தோல்வியைச் சொன்னார்.

அப்போது கட்டாயப் பணயம் 200-க்கும் 400-க்கும் வந்திருந்தது. நான்கு பேர் ஆளுக்கு 1,400 கொடுத்து உள்ளே இருந்தார்கள். ஆக நடுவில் 5,600. மூன்று பொதுச் சீட்டுகள் திறந்தன. முதலில் பேசவேண்டியவர் தம்பி. அவர் கையில் இரண்டு ஒன்பது. திறந்த சீட்டுகளில் ஒரு ராஜா. சிறியதாக 500 வைத்துப் பிறர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம் என்பது எண்ணம். கையை வில்லைகளுக்குக் கொண்டுபோகும் முன்பே வாய் முந்திக்கொண்டது. “ஃபைவ்” என்றார். அவ்வளவுதான், “ஃபைவ் ஹண்ட்ரட்” என்று சொல்லவில்லை.

சீட்டுப் போடுபவர் கையை உயர்த்தி நடத்துநரை அழைத்தார். நடத்துநர் வந்து, வேறு ஏதேனும் சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் தம்பி. நடுவிலிருந்த வில்லைகளை எண்ணினார்கள். விதி இதுதான்: அலகு சொல்லாமல் வெறும் எண்ணைச் சொன்னால், நடுவில் உள்ள மொத்தத்துக்கு மேற்படாத மிகப் பெரிய பொருள் எதுவோ அதுவே கொள்ளப்படும். நடுவில் 5,000-க்குக் குறைவாக இருந்திருந்தால் அந்த ஐந்து 500 ஆகியிருக்கும். 5,600 இருந்தபடியால் அது 5,000 ஆயிற்று. தம்பியிடம் இருந்ததே 6,200. மிச்சம் 1,200-ஐ வைத்துக்கொண்டு பின்வாங்க வழியில்லாது போயிற்று. எதிரே இருந்தவர் ஏற்றினார். தம்பி மிச்சத்தையும் தள்ளினார். எதிரியின் கையிலிருந்து இன்னொரு ராஜா வெளிவந்தது.

“சண்டை போட்டாயா?” என்று கேட்டேன்.

“இல்லை, அண்ணாச்சி. நான் நினைத்தது 500. என் வாயில் வந்தது வெறும் ஐந்து. நினைத்ததை அவர்கள் எப்படி அறிவார்கள்? எனக்காக அன்று மாற்றினால், அடுத்த மேஜையில் வேறொருவன் வேண்டுமென்றே ‘ஐந்து’ என்று சொல்லி, எதிரி பயந்தால் 5,000 என்றும் பயப்படாவிட்டால் 500 என்றும் பேசுவானே” என்றார்.

இதுவரை கடலையைக் கொறித்துக்கொண்டு பேசாமலிருந்த பெரியம்மா அப்போது வாய் திறந்தார்.

“ஐயா, அந்த மேஜையில் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்று ஒருவன் சொன்னால் அதற்கு என்ன கணக்கு?”

தம்பியின் முகம் மாறிவிட்டது. விஷயம் எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். இரண்டு மாதங்களுக்கு முன் கோவில்பட்டியிலிருந்து அவருடைய தூரத்து மாமா தொலைபேசியில் அழைத்துத் தம் பெண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறார். நேரில் மறுக்க மனமில்லாமல் தம்பி சொன்ன பதில் அந்த இரண்டு சொற்கள். நம்மில் அச்சொற்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காமராஜர் மனுக் கொண்டுவந்தவர்களிடம் அவ்வாறுதான் சொல்வார். அவர் வாயில் அது காரியமாகும் என்பதற்கு அடையாளம் என்று மக்கள் நம்பினார்கள். நம் போன்றவர்கள் வாயிலோ, பெரும்பாலும் அது தட்டிக் கழிப்பதற்கான மரியாதை. மாமா அதைக் காமராஜர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். பெண்ணுக்கு வந்த வேறொரு நல்ல சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். இச்செய்தி நாங்கள் கோவாவுக்குப் புறப்பட்ட அன்றுதான் கடிதமாக வந்திருந்தது.

“இன்னும் தட்டு மாற்றவில்லையே, பெரியம்மா” என்று நான் சமாதானமாகச் சொன்னேன். நம் வழக்கத்தில் வெற்றிலை பாக்குத் தட்டு மாறும் வரையில் பேச்சு பேச்சுத்தான். மாறியபின் அது வாக்கு. என் மனைவியும், “பெண் வீட்டாரும் ஒரு வார்த்தை விளங்கக் கேட்டிருக்கலாமே” என்றாள். ஈடு கொடுப்பவரே தொகை எவ்வளவு என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று அந்த ஆட்டத்திலும் ஒரு விதி உண்டாம். யார் தவறாக எண்ணிச் சொன்னாலும், “கால்” என்றவர் உண்மைத் தொகையை ஏற்றவரே ஆவார்.

பெரியம்மா விடவில்லை. “அதெல்லாம் சரி. முந்நூறு பேர் முகம் தெரியாத கப்பலில், இவன் சொன்ன அரைச் சொல்லுக்கு முழுப் பணயமும் கொடுத்துவிட்டு, நியாயந்தான் என்று எழுந்து வந்திருக்கிறான். அங்கே அத்தனை நியாயம் தெரிந்தவனுக்கு, சொந்த மாமனிடம் சொன்ன அரைச் சொல் மட்டும் கணக்கில்லையா? கட்டிக்கொள் என்று நான் சொல்லவில்லை. ஐந்நூறா, ஐயாயிரமா, அதைச் சொல்லிவிடு” என்றார்.

அதன் பிறகு கர்புடே சுரங்கம் வந்தது. ஆறரைக் கிலோமீட்டர் நீளம். ஓசை மிகுந்த அந்த இருட்டில் யாரும் பேசவில்லை.

நான் அப்போது என் அலுவலை நினைத்துக்கொண்டேன். எங்கள் முன்பதிவுச் சாளரத்தில் வாய்ச்சொல் செல்லாது, படிவமே செல்லும். வண்டியின் எண், புறப்படும் தேதி, பெயர், வயது எல்லாவற்றையும் பிரயாணி எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறார். காரணமில்லாமல் இல்லை. வடக்கே வந்து குடியேறிய நாம் ஹிந்தியில் பட்ட பாடு ஒன்றா, இரண்டா? “கல்” என்றால் நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். “டேட் ஸௌ” என்றால் 150, “டாயீ ஸௌ” என்றால் 250. புதிதாய் வந்தவர் காதுக்கு இரண்டும் ஒன்றே. காய்கறிக் கடையில் அதனால் பத்து ரூபாய் போகும். பிரயாணத்தில் ஒரு நாளே போய்விடும். போக்கர் மேஜைகளிலும் இந்தத் தொல்லையை அறிந்துதான், எந்த மொழிகளில் பேசலாம் என்பதை நடத்துவோர் தெளிவாக அறிவிக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

ரயில்வேயிலேயே வாய்ச்சொல்லை நம்பவேண்டிய இடமும் உண்டு. நிலைய அதிகாரி தொலைபேசியில் லெவல் கிராசிங் காவலருக்கு வண்டி வருகிறதென்று சொல்கிறார். காவலர் வாயிலை மூடிவிட்டதாகச் சொல்கிறார். சொன்னால் மட்டும் போதாது. ஒவ்வொருவரிடமும் உள்ள இரகசியத் தாளிலிருந்து ஒரு தனி எண்ணைச் சொல்லி, அதை மற்றவர் எழுதிக்கொண்ட பிறகே அச்சொல்லுக்கு உயிர். “சரி, சரி” என்ற சொல்லை நம்பி எந்த வண்டியையும் அனுப்ப மாட்டார்கள். அந்தச் சொல்லின்மேல் ஆயிரம் உயிர்கள் போகின்றன அல்லவா?

ஆக, மேஜையானாலும் தண்டவாளமானாலும் கல்யாணப் பேச்சானாலும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றுதான் என்று எனக்குப் படுகிறது. சொல்ல உரியவர் சொன்னாரா? உரிய முறையில், உரிய நேரத்தில் சொன்னாரா? இரண்டு பொருளுக்கு இடமில்லாமல் சொன்னாரா? மூன்றும் அமைந்தால் அச்சொல் பத்திரத்துக்குச் சமானம். மூன்றாவது மட்டும் குறைந்தால், அதன் நஷ்டம் கேட்டவரைவிடச் சொன்னவரையே சேர்வதுதான் நியாயம். தெளிவாகச் சொல்லும் வசதி அவர் கையில்தானே இருந்தது?

சுரங்கம் கடந்து வெளிச்சம் வந்தபோது தம்பி கடலைகளை ஒவ்வொன்றாகப் பொட்டலத்தில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். “ஞாயிற்றுக்கிழமை நானே மாமாவைக் கூப்பிட்டுப் பேசுகிறேன், அம்மா. உங்களைப் பேசச் சொல்ல மாட்டேன்” என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் அவர் தோளில் கையை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் பேசினார். என்ன பேசினார் என்பது அவர்கள் குடும்பச் செய்தி. அதை இங்கே எழுதுவதற்கில்லை. இரண்டு வீட்டாரும் இன்றும் பேச்சு வார்த்தையோடு இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லலாம்.

கோவாவுக்குச் செல்ல விரும்பும் சங்கத்து அன்பர்களுக்குச் சில குறிப்புகள். செல்லும்போது இரவு வண்டியும் திரும்பும்போது பகல் வண்டியுமாக அமைத்துக்கொண்டால், மலையும் சுரங்கமும் பாலமும் கண்ணுக்கு விருந்தாகும். பழைய கோவாவுக்கு அரை நாளாவது வேண்டும். பணஜியில் ஃபொந்தைன்யாஸ் என்னும் பழைய தெருக்களில் காலை வெயில் ஏறுமுன் நடப்பது சுகம். மாலையில் பேட்டிம் ஓடத்தில் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். நடுநதிக் கப்பல்களுக்கு வயது வந்த பிள்ளைகள் போகவேண்டும் என்று ஆசைப்பட்டால், போவதும் தடுப்பதும் அவரவர் வீட்டு வழக்கம். போகிறேன் என்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எவ்வளவு தொகையோடு திரும்புவார்கள் என்பதை, ரூபாய்க் கணக்கில், முழு எண்ணாக.